காரணம் தேடும் அல்காரிதம் போட்ட அம்பை எவ்வளவு நம்பலாம்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதுகலை மாணவர் ஒருவரிடம் ஒரு நகரத்தின் ஐந்து வருடத் தினசரிப் பதிவுகள் இருக்கின்றன. காற்றில் மிதக்கும் நுண்துகள்களான பிஎம் 2.5 (இரண்டரை மைக்ரானுக்குக் கீழ்), பிஎம் 10 (பத்து மைக்ரானுக்குக் கீழ்), நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன், கார்பன் மோனாக்சைடு, காற்றுத் தரக் குறியீடு, வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், கூடவே மூச்சுத்திணறலுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை. காரணம் தேடும் அல்காரிதம் ஒன்றில் இதையெல்லாம் போட்டதும் ஒரு வரைபடம் வந்திருக்கிறது; அதில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு இருந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று பொருள். அதில் ஓசோனிலிருந்து மூச்சுத்திணறலுக்கு அம்பு இருக்கிறது, பிஎம் 2.5-லிருந்து இல்லை. "பிஎம் 2.5 காரணம் இல்லை என்று ஆய்வேட்டில் எழுதலாமா?" என்று கேட்கிறார்.

எழுதக் கூடாது. அதற்காக வரைபடத்தைத் தூக்கி எறியவும் வேண்டாம். அம்பு எங்கிருந்து முளைக்கிறது என்று தெரிந்தால் அந்த வரைபடம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது புரிந்துவிடும்.

பரிசோதனை எதுவும் செய்யாமல், வெறுமனே பதிவு செய்த எண்களை வைத்துக்கொண்டு திசையைக் கண்டுபிடிக்க முடியுமா? சில அமைப்புகளில் முடியும். சாலைப் போக்குவரத்து, காற்றின் வேகம், நைட்ரஜன் டை ஆக்சைடு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வண்டி ஓடுகிறது என்பதற்கும் காற்று எவ்வளவு வீசுகிறது என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டுமே நைட்ரஜன் டை ஆக்சைடின் அளவை மாற்றுகின்றன: வண்டி கூட்டும், காற்று கலைக்கும். இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரோட்டில் வண்டியே இல்லை, ஆனாலும் அளவு ஏறி நிற்கிறது. அன்று காற்று அசையவில்லை என்று ஜன்னலைத் திறக்காமலே சொல்லிவிடலாம். சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்கள், மூன்றாவதன் அளவு தெரிந்த மாத்திரத்தில் சம்பந்தப்பட்டுவிட்டன. இந்தத் தடம் விழ வேண்டுமானால் இரண்டு அம்புகளும் நடுவில் இருப்பதை நோக்கி வந்து மோத வேண்டும். இதை மோதுமுனை என்று வைத்துக்கொள்வோம். அம்புகள் நடுவிலிருந்து வெளியே போனாலோ, ஒன்றிலிருந்து அடுத்தது என்று சங்கிலியாகப் போனாலோ தடம் தலைகீழாக இருக்கும்: முதலில் சம்பந்தம் தெரியும், நடுவில் உள்ளதைக் கட்டுப்படுத்தியதும், அதாவது அதன் அளவு ஒரே மாதிரி இருக்கும் நாட்களை மட்டும் ஒப்பிட்டதும், மறைந்துவிடும்.

தரவிலிருந்து கிடைக்கும் திசை எல்லாம் பெரும்பாலும் இந்த மோதுமுனைகளிலிருந்துதான் வருகிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்பர்ட்டஸ், கிளார்க் கிளைமோர் இருவரும் உருவாக்கிய பி.சி. அல்காரிதம் செய்வது இதைத்தான். (பி.சி. என்பது அவர்கள் பெயரின் முதலெழுத்துகள். கம்ப்யூட்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை.) முதலில் எல்லா மாறிகளையும் (அளந்த ஒவ்வொரு விஷயமும் ஒரு மாறி) ஒன்றோடொன்று கோடு போட்டு இணைத்துவிடும். அப்புறம் ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, மற்றவற்றில் எதையாவது கட்டுப்படுத்தினால் இந்த ஜோடியின் சம்பந்தம் மறைகிறதா என்று சோதிக்கும். மறைந்தால் கோட்டை அழிக்கும். மிச்சம் நிற்கும் கோடுகளில் மோதுமுனைகளைத் தேடி அம்பு போடும். அந்த அம்புகளால் வேறு கோடுகளின் திசையும் கட்டாயமானால் அதையும் போடும். மற்றவை திசையில்லாத கோடுகளாகவே இருக்கும். சங்கிலியையும், நடுவிலிருந்து பிரியும் கவையையும் தரவால் பிரித்தறிய முடியாது என்பதால் அப்படி விடுவதுதான் நேர்மை. பத்து மாறிகளுக்குச் சாத்தியமான வரைபடங்கள் 4-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்ட எண்ணிக்கையைத் தாண்டும். அத்தனையிலிருந்து ஒரு சிறு கூட்டத்துக்கு வந்து சேர்வது சாதாரணக் காரியம் இல்லை.

இதன் பலத்தையும் பலவீனத்தையும் ஒரே இடத்தில் பார்க்க, எனக்குத் தெரிந்தவரை, ஈயத்தின் கதையைவிட நல்லது கிடையாது.

பாஸ்டன் பக்கத்தில் செல்சீ, சோமர்வில் என்று இரண்டு ஊர்கள். அங்குள்ள பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து, அவற்றில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று அளந்தார் ஹெர்பர்ட் நீடில்மேன். இரத்தத்தில் உள்ள ஈயம் கடந்த சில வாரங்களைத்தான் காட்டும். பல்லில் படிந்தது வருடக்கணக்கில் உள்ளே போனதன் கணக்கு. ஈயம் அதிகம் படிந்த குழந்தைகளின் ஐ.க்யூ. குறைவாக இருக்கிறது என்று 1979-இல் வெளியிட்டார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஏழை வீடுகளில் சுவரில் பழைய ஈயப் பெயின்ட் உதிரும். அதே வீடுகளில் பெற்றோரின் படிப்பும் குறைவாக இருக்கும். நீங்கள் ஏழ்மையை அளந்துவிட்டு ஈயம் என்கிறீர்கள் என்றார்கள். எந்த மாறியைச் சேர்த்தார், எதை விட்டார் என்பதே சண்டையின் முக்கியப் புள்ளி ஆனது.

1985-இல் அவரும் சகாக்களும் அதே தரவை மறுபடி அலசினார்கள். கையில் சுமார் 40 மாறிகள். ஒவ்வொன்றாகச் சேர்த்து நீக்கிப் பார்க்கும் வழக்கமான ரிக்ரெஷன் முறையில் ஈயத்தோடு ஐந்து மிஞ்சின: தாயின் படிப்பு, பெற்றோரின் ஐ.க்யூ., குழந்தை பிறந்தபோது தாயின் வயது, தந்தையின் வயது, தாய்க்குப் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை. இவற்றைக் கட்டுப்படுத்திய பிறகும் ஈயத்தின் கெழு (ஈயம் கூடினால் ஐ.க்யூ. எந்தப் பக்கம், எவ்வளவு நகர்கிறது என்ற எண்) -0.143. அதாவது, தீங்கு இருக்கிறது.

கார்னகி மெலன் குழுவினர் பின்னால் அதே தரவைத் தங்கள் டெட்ராட் மென்பொருளில் போட்டார்கள். அது ஒரு வேடிக்கையைக் காட்டியது. தாய் வயது, தந்தை வயது, பிரசவ எண்ணிக்கை மூன்றுக்கும் குழந்தையின் ஐ.க்யூ.வோடு நேரடியாகப் பார்த்தால் சம்பந்தமே இல்லை. மற்ற மாறிகளைக் கட்டுப்படுத்தியதும்தான் சம்பந்தம் முளைக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காற்றைப் போன்றதே இது: கட்டுப்படுத்துவதால் பிறக்கும் சம்பந்தம் மோதுமுனையின் அடையாளம். ஆகவே அல்காரிதம் அந்த மூன்றையும் வெளியே தள்ளியது. மிஞ்சிய தாயின் படிப்பு, பெற்றோர் ஐ.க்யூ. இரண்டையும் மட்டும் கட்டுப்படுத்தினால் ஈயத்தின் கெழு -0.177 ஆகிறது. எதிர்த்தரப்பு 'இன்னும் மாறிகளைச் சேர், ஈயத்தின் தாக்கம் கரைந்துவிடும்' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, தேவையில்லாததை நீக்கியதும் தாக்கம் கூடியது. நிறையக் கட்டுப்படுத்துவது எப்போதும் பாதுகாப்பு என்று நம் வகுப்பறைகளில் இன்னமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த ஒரு உதாரணம் போதும் அதை நிறுத்த.

ஆனால் அந்த மூன்று மாறிகளை இன்னொரு தடவை உற்றுப் பாருங்கள். ரிக்ரெஷனில் தாயின் வயதுக்குக் கிடைத்த கெழு கூட்டல், தந்தையின் வயதுக்குக் கழித்தல். அளவும் கிட்டத்தட்ட சமம். கணவன் மனைவி வயதுகள் சேர்ந்தே ஏறும் என்பது ஊரறிந்தது. உண்மையிலேயே தாயின் வயது ஐ.க்யூ.வைக் கூட்டி, தந்தையின் வயது குறைத்து, இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டிருந்தால்? அப்போதும் மேலோட்டமாகச் சம்பந்தம் தெரியாது. அல்காரிதம் இப்படித் துல்லியமாகச் சரிக்கட்டிக்கொள்ளும் தற்செயல் நடக்காது என்று அனுமானித்துக்கொள்கிறது. பெரும்பாலும் நியாயமான அனுமானம்தான். ஆனால் அது அனுமானம்; தரவு அல்ல. இங்கே நான் அல்காரிதத்தின் பக்கம்தான் நிற்பேன், ஏனென்றால் மூன்று மாறிகளும் ஒரே சமயத்தில் தற்செயலாகச் சரிக்கட்டுவது கஷ்டம்.

கதை இதோடு முடியவில்லை. ஸ்டீவன் கிளெப்பர், மார்க் காம்லெட் இருவரும் வேறொரு குறையைச் சுட்டினார்கள். 'பல்லில் உள்ள ஈயம்' என்பது குழந்தை உட்கொண்ட ஈயத்தின் துல்லியமான அளவு இல்லை. 'தாயின் படிப்பு' என்பது வீட்டில் கிடைத்த வளர்ப்பின் துல்லியமான அளவும் இல்லை. எல்லாவற்றிலும் அளவீட்டுப் பிழை இருக்கிறது. அதைக் கணக்கில் எடுத்தால் ஈயத்தின் கெழு கூட்டலா கழித்தலா என்பதையே தரவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நியாயமான அடி. கடைசியில் ரிச்சர்ட் ஷைன்ஸ், குறைத்த மாறிகளோடு, அளவீட்டுப் பிழை எவ்வளவு இருக்கலாம் என்ற முன்கணிப்பையும் உள்ளே கொடுத்து பேய்ஸிய முறையில் கணக்கிட்டார். நம்பத்தக்க பிழை அளவுகளுக்கு ஈயத்தின் தீங்கு நின்றது. கவனியுங்கள்: அல்காரிதம் வெட்டிக் குறைத்தது, முடிவுக்கு வர, பல்லும் படிப்பும் எப்படி அளக்கப்பட்டன என்ற அறிவு வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது.

உங்கள் தரவுக்கு வருவோம். இங்கே அளவீட்டுப் பிழை இன்னும் மோசம். ஒரு நகரத்துக்கு நாலைந்து கண்காணிப்பு நிலையங்கள். அவற்றின் சராசரியை லட்சக்கணக்கானவர்கள் சுவாசித்த காற்று என்று வைத்துக்கொள்கிறோம். ஒருவர் மெயின் ரோட்டில் டீக்கடை வைத்திருப்பார், இன்னொருவர் பத்தாவது மாடியில் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருப்பார். இதில் அதிகம் பேசப்படாத ஒரு விளைவு உண்டு. ஒரு மாறி பிழையோடு அளக்கப்பட்டிருந்தால் அதைக் கட்டுப்படுத்தினாலும் முழுதாகக் கட்டுப்படாது. அதனால் அழிய வேண்டிய கோடு அழியாமல் நிற்கும். வெப்பநிலையைத் துல்லியமாக அளக்கிறோம், பிஎம் 2.5-ஐ சுமாராக அளக்கிறோம் என்றால், நன்றாக அளக்கப்பட்ட மாறிக்கு அம்பு தாராளமாகக் கிடைக்கும். ஓசோன் பெரும் பரப்பில் ஓரளவு சீராகப் பரவியிருக்கும். சில நூறு மீட்டருக்குள் மாறிவிடும் மாசுகளைவிட நிலைய அளவு அதற்கு நன்றாகப் பொருந்தும். மேலும் ஓசோன் வெயிலில் உருவாவது. உங்கள் வரைபடத்தில் ஓசோனுக்கு அம்பு கிடைத்ததில் இவற்றின் பங்கு எவ்வளவு என்று பார்க்காமல் அதை உயிரியல் முடிவு என்று எடுக்க வேண்டாம்.

காற்றுத் தரக் குறியீட்டை உடனே நீக்குங்கள். இந்தியாவின் குறியீடு எட்டு மாசுகளுக்குத் தனித்தனியாகத் துணைக் குறியீடு போட்டு, அதில் எது உச்சமோ அதையே அன்றைய எண்ணாகச் சொல்கிறது. பல நாள் அந்த உச்சம் பிஎம் 2.5 அல்லது பிஎம் 10-ஆகவே இருக்கும். அப்போது குறியீட்டைக் கட்டுப்படுத்துவது பிஎம் 2.5-ஐ அதை வைத்தே கட்டுப்படுத்துவதற்குச் சமம். மூச்சுத்திணறலோடு அதற்குள்ள சம்பந்தம் கணக்கில் காணாமல் போகும், கோடு அழியும். பிஎம் 10-க்குள்ளேயே பிஎம் 2.5 அடக்கம், பத்து மைக்ரானுக்குக் கீழுள்ளது எல்லாம் பிஎம் 10 என்னும்போது இரண்டரைக்குக் கீழுள்ளதும் அதில் சேர்த்தி. அதனால் பிஎம் 10-க்குப் பதில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது பெரிய துகளை மட்டும், போடுங்கள். உங்கள் காணாமல் போன அம்புக்கு இதுவே காரணமாக இருந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

நீங்கள் பயன்படுத்தியது பி.சி.யா, ஜோடி ஜோடியாகச் சோதிக்காமல் முழு வரைபடத்தையும் ஒரே கணக்காகத் தேடும், 2018-இல் வந்த நோட்டியர்ஸ் வகையா என்று சொல்லவில்லை. இரண்டாவதாக இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடை மில்லிகிராமிலும் மற்றவற்றை மைக்ரோகிராமிலும் பதிவது நம் வழக்கம். அதையும் மைக்ரோகிராமுக்கு மாற்றி மறுபடி ஓட்டுங்கள். அம்புகள் திரும்பினால் அந்த வரைபடத்தைக் கிழித்துவிடலாம். செயற்கைத் தரவில் இந்த வகை அல்காரிதங்கள் காட்டிய சாமர்த்தியத்தில் கணிசமான பகுதி, சிதறல் (எண்களின் ஏற்ற இறக்கம்) குறைந்த மாறியிலிருந்து கூடியதை நோக்கி அம்பு போடுவதால் வந்தது என்று 2021-இல் ரைசாக் முதலானோர் காட்டிவிட்டார்கள். இயற்கைக்கு நம் அலகு தெரியாது.

நாள் சராசரியும் ஒரு தொல்லை. நைட்ரஜன் மோனாக்சைடு ஓசோனைத் தின்னும் வினை நிமிடக் கணக்கில் நடப்பது. பகல் வெயிலில் நைட்ரஜன் டை ஆக்சைடு திரும்ப ஓசோனுக்கு வழி செய்யும். இதையெல்லாம் 24 மணி நேரத்துக்குச் சராசரி எடுத்தால் இருபக்கமும் போகும் அம்புகள் ஒரே நாளுக்குள் கலந்து, எந்த அல்காரிதமும் பிரிக்க முடியாத குழம்பாகிவிடும். நேற்றைய மாசும் இன்றைய மாசும் ஒட்டிக்கொண்டே போவதால் சாதாரண பி.சி. சோதனையின் நம்பிக்கை அளவும் தப்பாகும். காலத்தொடருக்கென்றே யாகோப் ருங்கே குழு உருவாக்கிய பி.சி.எம்.சி.ஐ. முறை இருக்கிறது; அதற்கு மாறுங்கள். காலம் பின்னோக்கி ஓடாது என்பதால் பாதி அம்புகளின் திசை இலவசமாகவே கிடைத்துவிடும். மருத்துவமனைச் சேர்க்கையிலிருந்து வெப்பநிலைக்கு அம்பு போக முடியாது என்று முன்கூட்டியே தடை போடவும் தயங்காதீர்கள். அது ஏமாற்று வேலை கிடையாது.

மறைந்திருக்கும் காரணங்கள் வேறு. ஃப்ளூ காய்ச்சல் பரவும் வாரங்கள் உங்கள் பட்டியலில் இல்லை. வாரநாள், விடுமுறை, தீபாவளி எதுவும் இல்லை. பி.சி. அல்காரிதம் வெளியே பொதுக் காரணம் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளும். எஃப்.சி.ஐ. என்ற அதன் தம்பி அப்படி எடுத்துக்கொள்ளாது. தெரியாத முனையில் அம்புக்குப் பதில் சிறு வட்டம் போடும், மறைந்த பொதுக் காரணம் என்று தெரிந்தால் இருபக்க அம்பு போடும். வட்டங்களாக நிறைந்த படம் பார்க்க நன்றாக இருக்காது, வழிகாட்டிக்கும் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். தவிர, உங்கள் எண்ணிக்கையே மருத்துவமனை வாசலைத் தாண்டியவர்களுடையது. ஆளுக்கு ஆள் விவரம் வைத்து இதே வேலையைச் செய்தால், சேர்க்கை என்பதே ஒரு மோதுமுனை ஆகிவிடும். நோயாளிகளிடையே மட்டும் தேடினால் இல்லாத சம்பந்தம் தெரியும் என்று பித்தப்பை நோயையும் சர்க்கரையையும் உதாரணம் காட்டி ஜோசப் பெர்க்சன் 1946-இலேயே எழுதிவிட்டார்.

இப்போது அந்த முக்கியக் கேள்வி: அம்பு இல்லை என்றால் காரணம் இல்லை என்று ஆகுமா? 24 நாடுகளில் 652 நகரங்களின் தினசரி மரணப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-இல் வந்தது. பிஎம் 2.5 கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் அன்றாட மரணங்கள் 0.68 சதவீதம் கூடுகின்றன என்று கண்டது. ஒரு சதவீதம்கூட இல்லை. அத்தனை கோடிப் பேருக்கு அது பெரிய எண்ணிக்கை. ஆனால் ஒரே நகரத்தின் சுமார் 1,800 நாள் தரவில் அது தினசரி ஏற்ற இறக்கத்துக்குள் மூழ்கிவிடும். கோட்டை வைக்கவா அழிக்கவா என்று முடிவு செய்யும் சோதனைக்கு அது தெரியவே தெரியாது. பி.சி. கோட்டை அழிப்பது 'சம்பந்தம் இல்லை' என்று நிரூபித்ததால் அல்ல, 'இருக்கிறது' என்று காட்ட முடியாததால்.

பரிசோதனையிலேயே இந்த மயக்கம் வரும். தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனக் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பிஎம் 2.5 பத்து மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் பிறப்பு எடை 4 கிராம் குறைவதாகத் தெரிந்தது. அது பரிசோதனை செய்யாமல் வெறுமனே கவனித்த தரவு. பிறகு ஹேபின் என்ற பெரிய பரிசோதனை நடந்தது. தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகள், கூடவே குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என மொத்தம் 3,200 கர்ப்பிணிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். மற்றவர்கள் வழக்கம்போல விறகில் சமைத்தார்கள். கேஸ் வீடுகளில் தாய் சுவாசித்த பிஎம் 2.5-இன் இடைநிலை அளவு சுமார் 24 மைக்ரோகிராம், விறகு வீடுகளில் சுமார் 71. பிறப்பு எடை வித்தியாசமோ 19.6 கிராம்தான், பிழை வரம்பு (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை) கழித்தல் 10-லிருந்து கூட்டல் 49 வரை, பூஜ்யமும் அதற்குள் அடக்கம். 2022-இல் முடிவு வந்தபோது 'வித்தியாசம் இல்லை' என்று செய்தி பரவியது.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 47 மைக்ரோகிராம் குறைந்தது. பத்துக்கு 4 கிராம் வீதம் 19 கிராம் கூடியிருக்க வேண்டும். கிடைத்தது 19.6. இவ்வளவு நெருங்கி வந்தது தற்செயலாக இருக்கலாம். ஒன்று தமிழ்நாடு மட்டும், மற்றது நான்கு நாடுகள். பெண்கள் ஆய்வில் சேர்ந்தபோதே கர்ப்பம் 9 முதல் 20 வாரம் ஓடிவிட்டது என்பதும் உண்டு. ஆனாலும் பரிசோதனையின் 'இல்லை', கவனித்த தரவின் 'இருக்கிறது' என்பதை மறுக்கவில்லை. இரண்டும் ஒரே எண்ணைத்தான் சொல்கின்றன. அல்காரிதத்திடம் ஹேபின் தரவைக் கொடுத்திருந்தால் கேஸ் அடுப்புக்கும் பிறப்பு எடைக்கும் நடுவில் இருந்த கோட்டை அது அழித்திருக்கும்.

ஆகவே வேலையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். குறியீட்டை நீக்கி, பெரிய துகளைத் தனியாக்கி, வாரநாளையும் விடுமுறையையும் சேர்த்து, பி.சி.எம்.சி.ஐ.யில் ஓட்டுங்கள். நாட்களைத் தொடர்ச்சியான சில வாரக் கட்டங்களாகப் பிரித்து, அவற்றை மாற்றி மாற்றி எடுத்துப் பலமுறை திரும்ப ஓட்டி, எந்த அம்பு எத்தனை சதவீதத் தடவை வருகிறது என்று எழுதுங்கள். கோட்டை வைப்பதா அழிப்பதா என்று தீர்மானிக்கும் சோதனையின் எல்லையை 0.05-லிருந்து 0.01-க்கும் 0.2-க்கும் மாற்றினால் என்ன ஆகிறது என்றும் காட்டுங்கள். பிறகு வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு, பிஎம் 2.5-இன் தாக்கத்தைத் தனியாகக் கணக்கிட்டு பிழை வரம்போடு எழுதுங்கள். எதைக் கட்டுப்படுத்துவது என்று முடிவு செய்ய வரைபடம் உதவும். வரம்புக்குள் பூஜ்யமும் 0.68 சதவீதமும் இரண்டுமே விழுந்தால், ஆய்வேட்டில் எழுத வேண்டிய வாக்கியம் இது: 'இந்தத் தரவின் அளவில், உலக ஆய்வுகள் சொல்லும் தாக்கத்தை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ முடியவில்லை.' தேர்வாளர் அதற்கு மதிப்பெண் குறைத்தால் ஹேபின் எண்களை அவர் முன்னால் வையுங்கள்.